காந்தத்தில் குரல் தேடியவர்: லியோ ஃபெண்டர்

இசை என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் பாடகர்களும் வாத்தியக் கலைஞர்களுமே. அவர்கள் கையிலிருக்கும் கருவியைச் செய்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. மேடையில் கைதட்டல் பெறுபவர் ஒருவர்; பட்டறையில் கண்விழித்தவர் வேறொருவர். மின்கிட்டார் என்னும் கருவிக்கு உலகறிந்த ஒரு குரலைத் தந்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அவர் கல்லூரியில் மின்னியல் பயின்றவரும் அல்லர். நம் வணிகவியல் நண்பர்களைப் போலக் கணக்குப் பதிவியல் படித்தவர். அவரே லியோ ஃபெண்டர்.

இளமைப் பருவம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆனஹைம், ஃபுல்லர்ட்டன் ஆகிய ஊர்களையொட்டி ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த எளிய குடும்பத்தில் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் அவர் பிறந்தார். கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் என்பது முழுப்பெயர். எட்டு வயதில் கட்டி ஒன்றினால் இடக் கண்ணை இழந்தார். வாழ்நாள் முழுவதும் கண்ணாடிக் கண்ணுடனேயே இருந்தார்.

பதின்மூன்று வயதில், மோட்டார் வண்டிகளின் மின்சார வேலைகள் செய்யும் கடை வைத்திருந்த உறவினர் ஒருவர், கழித்துக்கட்டிய வானொலி உறுப்புகளை ஒரு பெட்டியில் போட்டு அவருக்கு அனுப்பிவைத்தார். பிறகு அந்தக் கடைக்கே சென்றபோது, உறவினர் தம் கையாலேயே செய்த வானொலி, ஒலிபெருக்கி வழியே உரக்க முழங்குவதைக் கேட்டார். அந்த முழக்கம் சிறுவனின் நெஞ்சை விட்டு நீங்கவேயில்லை. பள்ளி நாட்களிலேயே வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கத் தொடங்கிவிட்டார்.

1928இல் பள்ளிப் படிப்பை முடித்து, ஃபுல்லர்ட்டன் ஜூனியர் கல்லூரியில் சேர்ந்து கணக்கியல் பயின்றார். பின்னர் பல இடங்களில் கணக்கராக வேலை பார்த்தார். 1934இல் எஸ்தர் என்னும் மங்கையை மணந்தார். பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. வேலை பறிபோயிற்று. 1938இல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்ட்டனில் வானொலி பழுதுபார்க்கும் கடை திறந்தார். வேலையிழப்பே வாழ்வின் வாசலாயிற்று.

பட்டறையில் பிறந்த கேள்வி

கடைக்கு வந்தவர்களில் இசைக்குழுவினரும் இருந்தனர். நடன அரங்கின் இரைச்சலில் கிட்டாரின் மெல்லிய ஒலி அமிழ்ந்துபோகிறது என்பது அவர்களுடைய குறை. மைக்கை அருகில் வைத்து ஒலியைக் கூட்டினால் கீச்சிடும். இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் ‘பிக்கப்’ என்னும் உறுப்பே அது.

அதன் தத்துவத்தை நம் இயற்பியல் மாணவர்கள் நன்கறிவர். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே அதற்கு அடிப்படை. காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றுகிறார்கள். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் இசை எழுகிறது. ஆகவே மின்கிட்டாரின் ‘தொண்டை’ மரத்தில் மட்டும் இல்லை. காந்தத்திலும் சுருளிலும் இருக்கிறது.

1930களின் தொடக்கத்தில் வந்த ரிக்கன்பேக்கர் கருவியில் தந்திகளுக்கு மேலாக வளைந்த குதிரைலாடக் காந்தங்கள் இருந்தன. அக்கால எஃகுக் காந்தத்தில் வலிமை வேண்டுமானால் உருவமும் பெரிதாக வேண்டும். 1931இல் ஜப்பானிய அறிஞர் டொகுஷிச்சி மிஷிமா இரும்பு, நிக்கல், அலுமினியம் கலந்த புதிய காந்த உலோகத்தைக் கண்டார். அவ்வழியில் வளர்ந்ததே ‘அல்நிகோ’ என்னும் குடும்பம். சுண்டுவிரலை விடச் சிறிய தண்டிலும் போதிய காந்த வலிமை! தந்திக்கு ஒரு தண்டாக ஆறு தண்டுகளை நிறுத்தி, அவற்றைச் சுற்றியே நேராகக் கம்பியைச் சுற்றலாம் என்றாயிற்று. எளிமையை விரும்பிய ஃபெண்டருக்கு இது ஏற்ற வழியாக அமைந்தது.

புகழ் தந்த கருவிகள்

1945இல் டாக் காஃப்மன் என்னும் நண்பருடன் சேர்ந்து மடியில் வைத்து வாசிக்கும் கிட்டார்களைச் செய்தார். நண்பர் விலகிய பின், 1946இல் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். 1950இல் வந்த திண்ணிய உடல் கொண்ட கிட்டார், பெயர் மாற்றத்துக்குப் பின் டெலிகாஸ்டர் ஆயிற்று. 1951இல் பிரசிஷன் பேஸ். 1954இல் மூன்று பிக்கப்கள் கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர்.

இங்குதான் காந்தத் தேர்வு தன் வேலையைக் காட்டுகிறது. தொடக்க கால டெலிகாஸ்டர்களில் கோபால்ட்டு கலவாத அல்நிகோ 3 இருந்தது. அதன் இழுப்பு குறைவு, ஒலி மென்மையானது. 1950களின் நடுவில் அல்நிகோ 5 நிலைபெற்றது. அதில் கோபால்ட்டு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. வலிமை மிகுதி; ஒலி கணீரென்று எழும்; மணியோசை போன்ற கூர்மை தெரியும். ஆனால் வலிமை மட்டும் போதாது. வலிய காந்தத்தைத் தந்திக்கு மிக நெருக்கி வைத்தால், அது தந்தியையே தன்பால் இழுத்து, அதிர்வைக் கெடுத்து, சுருதியைப் பிறழச் செய்யும். அளவோடு நின்றால்தான் அழகு. ஒவ்வொரு தந்தியும் ஒரே அளவில் ஒலிக்கவேண்டி, ஸ்ட்ராட்டோகாஸ்டரில் காந்தத் தண்டுகளை ஏற்ற இறக்கமாக அமைத்தார்.

காந்தமே எல்லாம் என்றும் கருதலாகாது. 1958இல் வந்த ஜாஸ்மாஸ்டரிலும் அல்நிகோ தண்டுகளே. ஆனால் சுருளை அகலமாகவும் தட்டையாகவும் சுற்றியதால் ஒலி கனிந்தது. காந்தமும் சுருளும் கணவன் மனைவி போல. ஒன்றின் குணம் மற்றொன்றைச் சார்ந்தே வெளிப்படும்.

தமக்கு வாசிக்கத் தெரியாது என்பதை ஃபெண்டர் குறையாகக் கருதவில்லை. புதிய மாதிரிகளைக் கலைஞர்களிடம் கொடுத்து, அவர்கள் சொல்லும் குற்றங்களைக் கேட்டுத் திருத்தினார்.

பெயரை விற்றவர்

1960களில் உடல்நலம் குன்றியது. வாழ்வு நீடிக்காது என அஞ்சிய அவர், 1965 ஜனவரியில் நிறுவனத்தை சி.பி.எஸ். என்னும் பெரிய நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். 600 டாலர் கடனில் தொடங்கிய கடை எங்கே, இத்தொகை எங்கே! ஆனால் பிறகு நோய் தீர்ந்தது, உடல் தேறியது. கையில் வேலை இல்லை. தம் பெயரும் தமக்குச் சொந்தமில்லை. வேறொருவர் செய்யும் கிட்டாரில் தம் பெயர் மின்னுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை!

செல்வம் சேர்ந்தபின் ஓய்ந்திருக்கலாம். அவர் ஓயவில்லை. 1975இல் மியூசிக் மேன் நிறுவனத்தின் தலைவரானார். 1979இல் மனைவி எஸ்தர் புற்றுநோயால் மறைந்தார். எழுபது வயதில், பழைய நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனுடன் ஜி அண்ட் எல் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அங்கே புகழ் தந்த அல்நிகோ தண்டுகளையே கைவிட்டார். சுருளின் அடியில் பீங்கான் போன்ற ஃபெரைட் காந்தப் பாளம். மேலே தந்திக்கொன்றாக ஏற்றி இறக்கக்கூடிய இரும்புத் திருகுகள். ஃபெரைட் காந்தத்தின் வலிமையால் குறைந்த சுற்றுகளிலேயே உரத்த, தெளிந்த ஒலி கிட்டியது. ஒவ்வொரு தந்தியின் ஒலியளவையும் தனித்தனியே திருத்தவும் முடிந்தது.

தம் முந்திய படைப்புகளைவிட இதுவே சிறந்ததென்று அவர் நம்பினார். ஆனால் கலைஞர் பலர் தேடி அலைந்தது 1950களின் பழைய ஃபெண்டர்களையே! அவருடைய போட்டியாளர், இளமைக்கால ஃபெண்டரே. அப்போட்டியில் சந்தை பழையதன் பக்கம் நின்றது. அவரோ புதியதன் பக்கம் நின்றார். பார்க்கின்சன் நோய் வருத்தியபோதும் ஆய்வறைக்குச் செல்வதை விடவில்லை. 1991 மார்ச் 21ஆம் நாள் மறைந்தார். 1992இல் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

நிறைவாக

அல்நிகோ சிறந்ததா, ஃபெரைட் சிறந்ததா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. மென்மை வேண்டுவோர்க்கு ஒன்று. கூர்மை வேண்டுவோர்க்கு ஒன்று. அந்த வழக்கைவிட அவர் வாழ்க்கை நமக்குக் கற்பிப்பது பெரிது. படித்த பாடம் ஒன்றாக இருக்கலாம். உள்ளம் நாடும் தொழில் வேறாக இருக்கலாம். அதைப் பிறர் சொல்கேட்டுத் திருத்தித் திருத்திச் செய்பவரே உயர்கிறார். ஊரெல்லாம் பாராட்டிய தம் படைப்பையும் ‘இது போதாது’ என்று ஒதுக்கிவைத்து, மீண்டும் முதற்படியில் நிற்கும் துணிவு எளிதில் வருவதன்று. அத்துணிவு அவரிடம் எழுபது வயதிலும் இருந்தது. இருபது வயதில் நிற்கும் நாம் அதை எண்ணிப் பார்ப்போமாக!