சத்திரத்து மணியும் சரபோஜி மன்னரும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் மூன்று மாதமாக என்னை விடவில்லை. ஹாஸ்டல் கதைகளை எப்படியும் நம் நண்பர்கள் எழுதிவிடுவார்கள். நான் ஹாஸ்டல்களுக்கெல்லாம் முன்னோடியான ஒரு தஞ்சாவூர்க்காரரைப் பற்றி எழுதுகிறேன்: இரண்டாம் சரபோஜி மன்னர்.

சரபோஜி என்றால் சரஸ்வதி மகால் நூலகம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். எனக்கு அவருடைய சத்திரங்கள். வேளாங்கண்ணியில் பிறந்தவனுக்கு யாத்திரிகர்கள் புதிதில்லை. ஆகஸ்ட் கடைசியில் கொடியேறினால் செப்டம்பர் 8 வரை காவி உடுத்தி நடந்து வருகிற கூட்டம் ஓயாது. வழியெல்லாம் யாராவது சோறும் தண்ணீரும் கொடுப்பார்கள். அதே மாதிரி அந்தக் காலத்தில் ராமேஸ்வரம் போகிறவர்களுக்காகத் தஞ்சை மராத்திய அரசர்கள் சாலையோரம் சத்திரங்கள் கட்டி, மானியமும் விட்டிருந்தார்கள்.

சரபோஜி பிறந்தது 1777ல். துளஜா மன்னர் 1787ல் பத்து வயதுப் பையனாக அவரைத் தத்தெடுத்தார். அந்த வருஷமே துளஜா காலமாக, அமர்சிங் அரியணை ஏறினார். பையனின் கதி பரிதாபம். வெளிச்சம் புகாத அறை, படிப்பு கிடையாது. ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ் தலையிட்டுப் போராடியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! 1793ல் பையனைச் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். கெரிக்கே பாதிரியாரிடம் பாடம் தொடர்ந்தது. 1798ல் அரியணை கிடைத்தபோது அதைப் பார்க்க சுவார்ட்ஸ் இல்லை. சில மாதம் முன்னால் பிப்ரவரியில் இறந்துவிட்டார். மன்னர் கடைசிவரை தம் மதத்தை விடவில்லை. ஆனால் குருவுக்காக லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மேனிடம் பளிங்குச் சிற்பம் செய்யச் சொல்லி வரவழைத்தார்.

அடுத்த வருஷமே, 1799ல், ஒப்பந்தம் போட்டு நாட்டு நிர்வாகத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. சத்திரங்களும் போய்விடும் நிலை. 1801ல் டோரின் என்ற ஆங்கிலேய அதிகாரிக்கு மன்னர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மற்ற எது போனாலும் இந்தத் தர்மம் மட்டும் நிற்கக்கூடாது என்று கெஞ்சாத குறை. சத்திரத்தில் என்னவெல்லாம் நடக்கிறது என்று அதில் விவரமாகச் சொல்கிறார். எல்லா ஜாதி வழிப்போக்கருக்கும் சோறு உண்டு. (பந்தி என்னவோ அந்தக் கால வழக்கப்படி தனித்தனிதான், அதை மறைப்பதற்கில்லை.) நடுராத்திரியில் மணி அடித்து, சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரச் சொல்வார்கள். நோயாளிக்கு வைத்தியர் உண்டு.

என்னை நிறுத்தியது அதற்கப்புறம் வருகிற விஷயம். அந்நியர் பெற்ற அநாதைப் பிள்ளைகளை உபாத்தியாயரிடம் ஒப்படைப்பார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நாலு நாளைக்கு ஒரு தரம் எண்ணெய்க் குளியல், துணிமணி, மருந்து எல்லாம் சத்திரத்துப் பொறுப்பு. பிள்ளை எந்த வித்தையை விரும்புகிறதோ அதைப் படிக்கலாம். படித்துத் தேறினால் கல்யாணச் செலவும் சத்திரத்துடையதே! எந்த வித்தை வேண்டும் என்று பிள்ளையையே கேட்பது இன்றைக்கு எத்தனை வீட்டில் நடக்கிறது, சொல்லுங்கள். இருட்டறையில் எழுத்தறியாமல் கிடந்த பையன் ராஜாவானதால்தான் இது அவருக்கு அவ்வளவு முக்கியமாகப் பட்டது என்பது என் எண்ணம்.

சத்திரங்கள் அவர் பொறுப்பிலேயே தங்கின. தாம் நேசித்த முக்தாம்பாளின் பெயரில் ஒரத்தநாட்டில் அவர் எழுப்பிய சத்திரத்திலும் சோற்றோடு படிப்பும் நடந்தது. 1805ல் அரண்மனையில் அச்சுக்கூடம் வைத்தார். அடுத்த வருஷமே ஈசாப் கதைகள் மராத்தியில் அச்சாகி வந்தன. 1832ல் மன்னர் காலமானார்.

அந்தச் சத்திரச் சொத்து பிற்பாடு ஜில்லா போர்டு கைக்கு வந்தது. திருவையாற்றில் சமஸ்கிருதக் கல்லூரியை நடத்தியதும் அந்தப் பணம்தான். 1920களில் போர்டு தலைவராக இருந்த சர் ஏ.டி. பன்னீர்செல்வம் காலத்தில் அங்கே தமிழும் பாடமாயிற்று. நம்ம ஜில்லாவில் எத்தனையோ தமிழ் வாத்தியார்கள் அங்கே படித்து வந்தவர்கள்தான்.

கடைசி பஸ்ஸில் நான் ஊரிலிருந்து வந்து இறங்கும் ராத்திரிகளில் நம் மெஸ் சமையற்காரர் ஒரு தட்டில் சோறு மூடி வைத்திருப்பார். அவர் மணி அடித்ததில்லை. ஜன்னல் வழியா, "தம்பி, சாப்டியா?" என்பார்.