லூ வாலஸ்

லூ வாலஸ் (லூயிஸ் வாலஸ், ஏப்ரல் 10, 1827 - பெப்ரவரி 15, 1905) அமெரிக்க வழக்கறிஞரும் படைத் தளபதியும் அரசியலாளரும் எழுத்தாளரும் ஆவார். இயேசு கிறிஸ்து வாழ்ந்த காலத்தைக் களமாகக் கொண்ட பென்-ஹர் என்னும் புதினத்தால் பெரிதும் அறியப்படுகிறார்.

இளமை

இந்தியானா மாநிலத்தின் புரூக்வில் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை டேவிட் வாலஸ் 1837 முதல் 1840 வரை அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்தார். வாலஸ் ஏழாம் வயதில் தாயை இழந்தார். 1846 இல் மெக்சிக்கோவுடனான போரில் சேர்ந்தார். 1849 இல் வழக்கறிஞரானார். 1852 இல் எழுத்தாளரான சூசன் எல்ஸ்டனை மணந்தார்.

உள்நாட்டுப் போர்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வாலஸ் வடக்கு மாநிலங்களின் படையில் பணியாற்றினார். 1862 இல், 34 ஆம் வயதில், மேஜர் ஜெனரலாக உயர்த்தப்பட்டார்.

1862 ஏப்ரல் 6 அன்று தொடங்கிய சைலோ போரில் அவரது படைப்பிரிவு முதல் நாள் சண்டை ஓய்ந்த பின்னரே களத்தை அடைந்தது. கட்டளையில் குறிப்பிட்ட பாதையில் வரவில்லை எனத் தளபதி கிராண்ட் தரப்பினர் குறை கூறினர். கட்டளையில் பாதை தெளிவாகக் குறிக்கப்படவில்லை என்பது வாலசின் வாதம். எழுத்தில் வந்த அக்கட்டளை தொலைந்து போனதால் இவ்வழக்கு தீராமலே நின்றது. இரு தரப்பிலும் 23,000 பேருக்கு மேல் இறந்தும் காயமுற்றும் காணாமலும் போன அப்போரின் பழி வாலசை வாழ்நாள் முழுவதும் வருத்தியது.

1864 ஜூலை 9 அன்று மொனோக்கசி போரில் தம்மினும் பெரிய படையிடம் தோற்றார். எனினும் எதிரிகளை ஒரு நாள் தாமதப்படுத்தியதால் தலைநகர் வாசிங்டனுக்கு உதவிப்படை வந்துசேர முடிந்தது. 1865 இல் ஆபிரகாம் லிங்கன் கொலைச் சதி வழக்கை விசாரித்த படைத்துறை ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார்.

பென்-ஹர்

முதல் புதினம் 1873 இல் வெளிவந்தது. அதன் பின் கீழ்த்திசை ஞானிகள் மூவரைப் பற்றிய சிறு கதையொன்றைத் தொடங்கினார். 1876 இல் தொடருந்துப் பயணத்தில் புகழ்பெற்ற பகுத்தறிவாளர் இராபர்ட் இங்கர்சாலுடன் நெடுநேரம் உரையாடினார். சமயத்தில் அக்கறை இல்லாதிருந்த வாலஸ், அவ்வுரையாடலில் தமது அறியாமையை உணர்ந்து விவிலியத்தையும் அக்கால வரலாற்றையும் கற்கலானார். சிறு கதை புதினமாக வளர்ந்தது.

அப்போது அவர் பாலத்தீனத்தைக் கண்டதில்லை. வரைபடங்களையும் நூல்களையும் கொண்டே எருசலேமையும் அந்தியோக்கியாவையும் விவரித்தார். 1878 முதல் 1881 வரை நியூ மெக்சிக்கோ ஆட்சிப்பகுதியின் ஆளுநராக இருந்தபோது, சான்டா ஃபேயில் இரவு நேரங்களில் எழுதி நூலை நிறைவு செய்தார்.

உரோமை ஆளுநரைக் கொல்ல முயன்றதாக நண்பன் மெசாலாவால் பொய்க்குற்றம் சாட்டப்பட்டு, கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமையாகும் யூதா பென்-ஹரின் கதை இது. தேர்ப்பந்தயத்தில் மெசாலாவை வெல்லும் யூதா, தொழுநோயுற்ற தாயும் தங்கையும் இயேசுவால் நலம் பெறுவதைக் கண்டு பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிடுகிறான். சமயப் பற்றாளர்கள் பலர் புதினங்களை ஐயத்துடன் நோக்கிய காலம் அது. ஆகையால் வாலஸ் இயேசுவை ஒருசில இடங்களில் மட்டுமே தோன்றச் செய்து, நற்செய்தி நூல்களில் உள்ள சொற்களையே அவர் வாய்மொழியாக அமைத்தார். பொய்ப்பழி சுமந்த நாயகனில் சைலோவின் நிழலை ஆய்வாளர் சிலர் காண்கின்றனர்.

1880 நவம்பர் 12 அன்று வெளிவந்த நூல் முதலில் மெதுவாகவே விற்றது. பின்னர் 19 ஆம் நூற்றாண்டில் மிகுதியாக விற்பனையான அமெரிக்கப் புதினங்களுள் முன்னணி இடம் பெற்றது.

பிற்காலம்

1881 முதல் 1885 வரை உதுமானியப் பேரரசில் அமெரிக்கத் தூதராக இருந்தார். அக்காலத்தில் எருசலேமுக்குச் சென்று, தாம் எழுதிய இடங்களை நேரில் ஒப்பிட்டுப் பார்த்தார். 1885 இல் கிராண்ட் தமது நினைவுக் குறிப்புகளில், புதிதாகக் கிடைத்த ஒரு கடிதத்தின் அடிப்படையில் சைலோ குறித்த குற்றச்சாட்டை அடிக்குறிப்பொன்றில் தணித்தார், முற்றிலும் விலக்கவில்லை.

வாலஸ் 1905 இல் குரோபோர்ட்ஸ்வில் நகரில் காலமானார். அவரது தன்வரலாறு 1906 இல் வெளியானது. அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் இந்தியானாவின் சார்பில் அவரது சிலை 1910 இல் நிறுவப்பட்டது.

திரைப்படங்கள்

1907 இல் உரிமை பெறாமல் எடுக்கப்பட்ட குறும்படம் தொடர்பான வழக்கில், திரைப்படத்துக்கும் மூலநூலின் பதிப்புரிமை பொருந்தும் என 1911 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1925 இலும் 1959 இலும் பென்-ஹர் பெரும் திரைப்படமாயிற்று. 1959 ஆம் ஆண்டுப் படம் 11 அக்காதமி விருதுகளை வென்றது.