பாதாளச் சாக்கடைக்கு வாட்டம் போட்டவர்

மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். அணை கட்டியவர், பாலம் கட்டியவர் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கழிவுநீர்க் குழாய் டிசைன் செய்து பிழைப்பவன். ஆகவே எங்கள் துறையின் பிதாமகர் சர் ஜோசப் பாஸல்ஜெட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

1819-ல் லண்டனை அடுத்த என்ஃபீல்டில் பிறந்தார். அப்பா கடற்படை அதிகாரி. ரயில்வே வேலையில் ஓய்வில்லாமல் உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொண்டு, தேறி வந்து, 1849-ல் லண்டன் சாக்கடைக் கமிஷனில் உதவி சர்வேயராகச் சேர்ந்தார். 1856-ல் மாநகரப் பணிகள் வாரியத்தின் தலைமைப் பொறியாளர் ஆனார். அப்போது வயசு 36தான்!

அன்றைய லண்டனில் சாக்கடையெல்லாம் நேரே தேம்ஸ் நதியில் விழும். 1853-54 காலராவில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் பலி. 1858 கோடையில் நாற்றம் பார்லிமெண்டுக்குள்ளேயே புகுந்தது. அதன் பிறகுதான் பணத்துக்கு வழி பிறந்தது.

நதிக்கு ஓடும் சாக்கடைகளைக் குறுக்கே மறித்து, கிழக்கே கொண்டுபோகும் 82 மைல் பெருங்கால்வாய்களைக் கட்டினார். மைலுக்குச் சுமார் 2 அடி வாட்டம். பாதி நிறைந்து ஓடும்போது மணிக்கு ஒன்றரை மைல் வேகம் இருந்தால் கசடு தங்காது என்பது அவர் கணக்கு. நொடிக்கு 0.67 மீட்டர்! நாம் வகுப்பில் படித்த 0.6 மீட்டருக்கு எவ்வளவு பக்கம் பாருங்கள். பல இடங்களில் முட்டை வடிவம் வைத்தார். அடிப்பக்கம் குறுகலாக இருப்பதால் கொஞ்சமாக வரும் நீரும் ஆழமாக, வேகமாக ஓடும். பள்ளமான பகுதிகளில், 1868-ல் திறந்த ஆபி மில்ஸ் போன்ற நிலையங்களில் பம்பு வைத்துத் தூக்கி, மறுபடி வாட்டத்தில் விட்டார்.

1866-ல் காலரா திரும்ப வந்தபோது, இணைப்பு முடியாத கிழக்கு லண்டனில்தான் 5,500 பேருக்கு மேல் இறந்தார்கள். நாற்றத்தால்தான் நோய் வருகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. கொள்கை தப்பு; வாட்டம் சரி.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். கிழக்கே போன கழிவு, சுத்திகரிக்காமல் அதே நதியில்தான் விழுந்தது. 1878-ல் பிரின்ஸஸ் ஆலிஸ் என்ற பயணக் கப்பல் அந்தப் பக்கம் மூழ்கி 600 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்கள் விழுந்தது சாக்கடை கலந்த தண்ணீரில். அதற்கப்புறம்தான் கசடைப் பிரிக்கும் ஏற்பாடு வந்தது. குழாயின் கடைசி முனையும் டிசைனில் சேர்த்திதான்.

1891-ல் அவர் காலமானார். அவர் கட்டிய கால்வாய்கள் இன்றும் ஓடுகின்றன.

தம்பி தங்கைகளே, வாட்டம் குறைந்தால் கசடு தங்கும், தங்கினால் அடைக்கும். அடைத்தால், 2013-ல் தடைச் சட்டம் வந்த பிறகும் நம் நாட்டில் மேன்ஹோலுக்குள் ஆளை இறக்குகிறார்கள், உயிர்கள் போகின்றன. லெவல் புக்கில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு எண்ணும் அந்த மனிதர் இறங்க வேண்டுமா, வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது.