மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா

மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா (செப்டம்பர் 15, 1861 - ஏப்ரல் 1962) இந்தியாவின் புகழ்பெற்ற பொறியாளர்களுள் ஒருவரும் மைசூர் அரசின் திவானும் ஆவார். காவிரியின் குறுக்கே அமைந்த கிருட்டிணராச சாகர் அணைத் திட்டத்துடன் இவரது பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. தேக்கிய நீரை எவ்வளவு இருப்பு வைப்பது, எவ்வளவு பாசனத்துக்குத் திறந்துவிடுவது என்பது இவரது பணிக்காலம் முழுவதும் தொடர்ந்த சிக்கலாகும்.

இளமை

இவர் மைசூர் அரசின் சிக்கபள்ளாப்பூருக்கு அருகிலுள்ள முத்தேனஅள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பயின்று 1881 இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். பின்னர் மைசூர் அரசின் உதவித்தொகையுடன் புனே அறிவியல் கல்லூரியில் பொறியியல் கற்று, 1884 இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தார்.

தொகுதிப் பாசன முறை

தக்காணத்துக் கால்வாய்கள் பஞ்சக் காப்புக்காக வெட்டப்பட்டவை. மழை நன்கு பெய்த ஆண்டுகளில் உழவர்கள் கால்வாய் நீரை அதிகம் நாடவில்லை. வறண்ட ஆண்டுகளில் அனைவரும் ஒரே நேரத்தில் கேட்டனர். தலைமடைச் சிற்றூர்கள் கரும்புக்கு அளவுக்கு மீறிப் பாய்ச்சியதால் அங்கு நிலம் சதுப்பானது. கடைமடைக்கு நீர் எட்டவில்லை.

இதற்குத் தீர்வாக விசுவேசுவரய்யா தொகுதிப் பாசன முறையை முன்வைத்தார். இதன்படி ஒவ்வொரு சிற்றூரிலும் ஏற்ற மண்ணுள்ள நிலம் ஒரு தொகுதியாகப் பிரிக்கப்பட்டு, அதற்கு மட்டும் நீர் உறுதி செய்யப்படும். நீர் மிகுதியாக வேண்டும் கரும்பு, தொகுதியின் ஒரு பகுதியில் மட்டும் பயிர்ச் சுழற்சியில் இடம்பெறும். இதனால் அதே இருப்பைக் கொண்டு கூடுதலான ஊர்களுக்கு நீர் வழங்க இயலும்.

தானியங்கி மதகுகள்

தென்னார்க்காடு, செங்கற்பட்டுப் பகுதி ஏரிகளில், கலிங்கில் நடப்பட்ட கற்களுக்கிடையே மண்ணும் செத்தையும் அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துவது பழைய வழக்கமாகும். பெருவெள்ளம் வரும்போது அடைப்பை உடனே நீக்காவிட்டால் கரை உடையும். இதே இடர், பெரிய அளவில், புனேவுக்கு அருகிலுள்ள கடக்வாசலா நீர்த்தேக்கத்திலும் இருந்தது.

அணையை உயர்த்தாமல் கூடுதல் நீரைத் தேக்க, 1903 இல் அங்குத் தானாக இயங்கும் மதகுகளை இவர் அமைத்தார். நீர் குறித்த மட்டத்தைத் தாண்டியதும் ஒரு பகுதி தொட்டிக்குள் பாயும். அதனால் எடைச் சமநிலை மாறிக் கதவுகள் திறந்து கொள்ளும். மட்டம் தாழ்ந்ததும் மூடிக் கொள்ளும். இவ்வமைப்புக்கு இவர் காப்புரிமை பெற்றார். குவாலியரின் திக்ரா அணையிலும் கிருட்டிணராச சாகரிலும் இது பின்னர் பயன்பட்டது.

ஐதராபாத்து

1908 செப்டம்பரில் மூசி ஆற்று வெள்ளம் ஐதராபாத்து நகரை அழித்தது. நிசாம் அரசின் அழைப்பை ஏற்ற விசுவேசுவரய்யா, நகருக்கு மேலே வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தும் நீர்த்தேக்கங்களைப் பரிந்துரைத்தார். உசுமான் சாகர், இமாயத்து சாகர் ஆகியன இதன் விளைவாக எழுந்தவை. பாசன ஏரி நிறைந்திருப்பது நன்று. வெள்ளத் தடுப்பு ஏரியிலோ வெற்றிடம் இருக்க வேண்டும்.

கிருட்டிணராச சாகர்

1909 இல் இவர் மைசூரின் தலைமைப் பொறியாளரானார். சிவசமுத்திரம் மின்நிலையம் 1902 முதல் கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் அளித்து வந்தது. கோடையில் காவிரியின் நீர்வரத்துக் குறைந்ததால் மின்னாக்கம் தடைப்பட்டது. மின்னாக்கத்துக்கு ஆண்டு முழுவதும் சீரான நீரோட்டமும், பாசனத்துக்குப் பருவத்தில் மிகுந்த நீரும் தேவை. இவ்விரண்டுக்குமாகக் கண்ணம்பாடியில் 124 அடி உயர அணையை இவர் திட்டமிட்டார்.

புதிய நீர்த்தேக்கங்களுக்குச் சென்னை மாகாணத்தின் இசைவு வேண்டும் என்பது 1892 ஆம் ஆண்டு உடன்பாடாகும். மேலே நீர் தேங்கினால் தஞ்சைக் கழனிகள் காயும் என்று சென்னை எதிர்த்தது. முதற்கட்டமாக 80 அடி உயரத்தில் 11 டி.எம்.சி. (1,100 கோடி கன அடி) தேக்கவே அனுமதி கிடைத்தது. 1911 இல் பணி தொடங்கியது. ஆயினும் முழு உயரத்துக்கு ஏற்ற அகலத்தில் கடைக்கால் இடப்பட்டதால் பூசல் முற்றியது. 1914 இல் வெளியான நடுவர் தீர்ப்பைச் சென்னை ஏற்கவில்லை.

1912 முதல் 1918 வரை விசுவேசுவரய்யா திவானாக இருந்தார். அவர் பதவி விலகிய பின்னரே, 1924 பிப்ரவரி 18 அன்று உடன்பாடு கையெழுத்தானது. மேலணையில் குறிப்பிட்ட அளவு நீர் கிடைக்குமாறு பார்த்துக் கொண்டே மைசூர் நீரைத் தேக்கலாம் என்று விதிகள் வகுக்கப்பட்டன. புதிய அணையின் கீழ் மைசூர் 1,25,000 ஏக்கரும், மேட்டூரின் கீழ் சென்னை 3,01,000 ஏக்கரும் புதிதாகப் பாசனம் பெற வழி ஏற்பட்டது. கண்ணம்பாடி அணை 1931 இலும், மேட்டூர் அணை 1934 இலும் நிறைவுற்றன. அணையைக் கட்டி முடித்தவர்கள் இவருக்குப் பின் வந்த பொறியாளர்களே.

பிற்காலம்

மைசூர் வங்கி (1913), மைசூர்ப் பல்கலைக்கழகம் (1916) ஆகியன இவர் திவானாக இருந்தபோது தோன்றின. 1955 இல் பாரத ரத்னா விருது பெற்றார். நூறாண்டு வாழ்ந்து பெங்களூரில் காலமானார். இவரது பிறந்த நாள் இந்தியாவில் பொறியாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மதகுகள் குறித்த மட்டத்தில் தாமே திறந்தன. ஆனால் பற்றாக்குறை ஆண்டில் எவருக்கு எவ்வளவு நீர் என்பதை மதகு முடிவு செய்ய இயலாது. காவிரியில் அவ்வினா 1990 இல் நடுவர் மன்றத்துக்கும், பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு 2018 இல் வெளியானது.