வானநூல் அறிஞர் இரகுநாதாச்சாரியார்



விடியற்காலையில் கிழக்கு வானில் பளிச்சென்று ஒளிரும் விடிவெள்ளியை நீங்கள் கண்டதுண்டா? உங்கள் பாட்டன் பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் அதனை நன்கு அறிவர். சுங்கை வே வட்டாரத்தைப் பால்மரக் காடுகளும் ஈயக் குட்டைகளும் சூழ்ந்திருந்த அந்நாளில், கோழி கூவுமுன் எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்து, இருள் பிரியுமுன் மரம் சீவச் சென்றவர்களுக்கு விடிவெள்ளியே வழித்துணையாக இருந்தது. வீட்டில் கடிகாரம் இல்லாதவர்க்கு வானமே கடிகாரம்.

விடிவெள்ளி என நாம் அழைப்பது உண்மையில் விண்மீன் அன்று. நம் பூமியைப் போலவே கதிரவனைச் சுற்றி வரும் ஒரு கோள். அதற்குச் சொந்த ஒளி இல்லை. அது ஒருநாள் கதிரவனின் முகத்தின்மீது ஒரு சிறு கரும்புள்ளியாகக் கடந்து செல்லும் என்ற செய்தியை, ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பே எளிய மக்களுக்கு விளங்கும்படி எழுதியவர் ஒருவர் சென்னையில் வாழ்ந்தார். அவரே சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். அவருடைய வரலாற்றை அறிந்தால் கதிரவன், பூமி, நிலவு ஆகிய மூன்றையும் ஒருங்கே அறிந்தவர்களாவோம்.

பஞ்சாங்க வீட்டுப் பிள்ளை

இரகுநாதாச்சாரியார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தார். பஞ்சாங்கம் நம் வீடுகளிலும் உள்ளதுதான். தீபாவளி எந்நாள், தைப்பூசம் எந்நாள் என்று நாம் அதனைப் பார்த்தே அறிகிறோம். அதனுள் இருப்பது என்ன? வானத்தில் கதிரவனும் நிலவும் எங்கெங்கே நிற்கின்றன என்னும் கணக்கே அதன் உயிர்.

நிலவு பூமியைச் சுற்றி வருகிறது. கதிரவனும் நிலவும் வானில் ஒரே திசையில் நிற்கும்போது, நிலவின் ஒளிபெற்ற பக்கம் நமக்குத் தெரிவதில்லை, அதுவே அமாவாசை. கதிரவனுக்கு நேர் எதிர்த் திசையில் நிலவு நிற்கும்போது அதன் ஒளிபெற்ற பக்கம் முழுவதும் நமக்குத் தெரிகிறது, அதுவே பௌர்ணமி. ஓர் அமாவாசையிலிருந்து மறு அமாவாசை வரை ஏறத்தாழ 29½ நாள். இக்காலத்தை 30 திதிகளாக நம் முன்னோர் பகுத்தனர். ஆகவே, பஞ்சாங்கம் பார்ப்பவர் ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே வானத்தைப் பார்க்கிறார் எனலாம்.

சென்னை வானாய்வு நிலையம்

அக்காலத்தில் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வு நிலையம் ஒன்று இருந்தது. 1792இல் அங்குக் கட்டடம் எழுந்தது. தொலைநோக்கியைத் தாங்குவதற்கென்றே 15 அடி உயரமுள்ள கருங்கல் தூண் ஒன்றை நிறுத்தினர். அத்தூணில் தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் எழுத்துகளைப் பொறித்து வைத்தனர். வருங்காலத்தார் எம்மொழியினராயினும் படித்தறிய வேண்டும் என்பதே அவர்தம் எண்ணம்.

இந்நிலையத்தில் பணியில் சேர்ந்த இரகுநாதாச்சாரியார், உழைப்பால் உயர்ந்து முதல் உதவியாளர் ஆனார். 1861இல் நார்மன் போக்சன் என்னும் ஆங்கில அறிஞர் அந்நிலையத்தின் தலைவராக வந்தார். இருவரும் ஆண்டுக்கணக்காக இரவு விழித்து விண்மீன்களின் இருப்பிடங்களை அளந்தனர். ஒரு விண்மீன் உச்சி கடக்கும் நேரம், அதன் உயரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும், பின்னர் அடுத்த விண்மீன், அதன்பின் மற்றொன்று. இவ்வாறு அந்நிலையத்தார் உருவாக்கிய பட்டியலில் 5,000க்கும் மேற்பட்ட விண்மீன்கள் இடம்பெற்றன. அவ்வளவும் பொறுமையின் பயன்.

அப்பொறுமைக்கு 1867ஆம் ஆண்டு பரிசு கிடைத்தது. தென்வானத்துச் சிறு விண்மீன் கூட்டம் ஒன்றில் உள்ள ஒரு விண்மீன், ஒளி மிகுவதும் மங்குவதுமாக மாறி வருவதை இரகுநாதாச்சாரியார் கண்டறிந்தார். அது முழுச் சுற்று மாறுவதற்கு ஒன்பது மாதங்களுக்குச் சற்று மேலாகும். ஒருநாள் பார்த்துவிட்டு மறந்து போகிறவர்க்கு இது தெரியவே தெரியாது. திரும்பத் திரும்பப் பார்த்தவருக்கே தெரிந்தது.

நிழல் கடந்த நாள்

1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. சூரிய கிரகணம் எப்படி உண்டாகிறது? அமாவாசை நாளில் நிலவு பூமிக்கும் கதிரவனுக்கும் சரியாக நேர்கோட்டில் வருமாயின் நிலவின் நிழல் பூமியின்மேல் விழும். அந்நிழலில் நிற்பவர்க்குப் பகலே இரவாகும். நிலவின் பாதை சற்றே சாய்ந்திருப்பதால் ஒவ்வோர் அமாவாசையிலும் இவ்வாறு நேர்வதில்லை.

கதிரவனோ மிகப் பெரிது; நிலவோ மிகச் சிறிது. சிறியது பெரியதை மறைப்பது எங்ஙனம்? கதிரவன் நிலவைவிட ஏறத்தாழ 400 மடங்கு அகலமானது. ஆனால், நிலவைவிட ஏறத்தாழ 400 மடங்கு தொலைவிலும் உள்ளது. எனவே வானில் இரண்டும் ஒரே அளவினவாகத் தோன்றுகின்றன. உங்கள் கட்டைவிரலைக் கண்ணருகே பிடித்தால் எதிரே நிற்கும் தென்னையே மறைந்துவிடுகிறது அல்லவா? அதுபோலத்தான்.

அந்தக் கிரகணத்தை நோக்க இரகுநாதாச்சாரியார் வனபர்த்தி என்னும் ஊருக்குச் சென்றார். அது இன்று தெலங்கானா மாநிலத்தில் உள்ளது. அதே நாளில் குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் அறிஞர்கள் கருவிகளுடன் காத்திருந்தனர். கதிரவனின் விளிம்பிலிருந்து வந்த ஒளியில் புதியதொரு மஞ்சள் கோட்டை அவர்கள் கண்டனர். அதுவே பிற்காலத்தில் ஹீலியம் எனப் பெயர் பெற்ற தனிமத்தின் அடையாளம். நாம் திருவிழாவில் வாங்கும், மேலே பறக்கும் பலூனில் இருக்கும் வாயு முதலில் அறியப்பட்டது பூமியிலன்று, கதிரவனில்!

அந்நிழல் இந்தியாவோடு நின்றுவிடவில்லை. வங்கக் கடலைக் கடந்து, சயாம் நாட்டின்மேல் ஊர்ந்து, போர்னியோத் தீவையும் அடைந்தது. இன்று நம் சரவாக் மாநிலத்தில் உள்ள பாராம் ஆற்றின் முகத்துவாரத்தில் அந்நாளைய லாபுவான் ஆளுநர் போப் ஹென்னெசி அதனைக் கண்டு எழுதி வைத்தார். வனபர்த்தியில் இருள் செய்த அதே நிழல் அன்றே நம் மண்ணையும் தொட்டுச் சென்றது. கடல் நம்மைப் பிரித்தாலும் வானம் பிரிப்பதில்லை.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1871 டிசம்பர் 12ஆம் நாள் மீண்டும் ஒரு முழுக் கிரகணம் தமிழகத்தைக் கடந்து யாழ்ப்பாணம் வரை சென்றது. அப்போது சென்னை நிலையத்தார் கோவைக்கு அருகிலுள்ள அவினாசியில் முகாமிட்டனர். அடுத்த மாதமே, 1872 ஜனவரியில், இலண்டன் அரச வானியல் கழகம் இரகுநாதாச்சாரியாரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துச் சிறப்பித்தது.

கணக்கும் காட்சியும்

ஆயினும் அவருடைய பெருமை கண்டுபிடிப்போடு முடிந்துவிடவில்லை. பழைய பஞ்சாங்க வாய்பாடுகள் பல நூற்றாண்டுகளுக்கு முன் அமைக்கப்பட்டவை. நாளொன்றுக்குச் சிறிதே பிந்தும் கடிகாரம் ஆண்டு முடிவில் மணிக்கணக்கில் பிந்திவிடுவது போல, அவ்வாய்பாடுகளும் நாளடைவில் வானத்தோடு பொருந்தாமல் விலகின. ஏடு ஒன்று சொல்ல, வானம் வேறொன்று காட்டியது.

இங்கேதான் அவருக்குச் சோதனை வந்தது. பிறந்த குடும்பத்தின் கணக்கை நம்புவதா, தொலைநோக்கியில் தம் கண்ணால் கண்டதை நம்புவதா? அவர் கண்டதையே நம்பினார். ஆனால், முன்னோரைப் பழிக்கவில்லை. பஞ்சாங்கத்தைத் தூக்கி எறியவும் இல்லை. புதிய அளவுகளைக் கொண்டு அதனைத் திருத்தினார். காட்சியோடு பொருந்தும் கணிதம் என்னும் பொருளில் திருக்கணித பஞ்சாங்கத்தை ஆண்டுதோறும் வெளியிட்டார். கற்றோரிடையே எதிர்ப்பும் வாதமும் எழுந்தன. அவர் தளரவில்லை. முன்னோரும் வானத்தைப் பார்த்தே கணக்கிட்டனர். ஆதலின் நாமும் பார்த்துத் திருத்துவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்பதை அவர் தம் செயலால் காட்டினார்.

வெள்ளியின் பயணம்

1874 டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளிக் கோள் கதிரவனின் முகத்தைக் கடக்க இருந்தது. உலகெங்கும் அறிஞர்கள் அந்நாளுக்காகக் கப்பலேறிப் பயணப்பட்டனர். பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து அதனை நோக்கினால், கதிரவன் எவ்வளவு தொலைவில் உள்ளது எனக் கணக்கிடலாம். ஒரு விரலை முன்னே நீட்டி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தோன்றும். அந்த இடமாற்றத்தை அளந்தால் தொலைவு தெரியும். அதே முறைதான் இது.

இச்செய்தி அறிஞர்க்கு மட்டும் உரியதன்று என எண்ணினார் இரகுநாதாச்சாரியார். வெள்ளியின் கடப்பைப் பற்றிச் சிறுநூல் ஒன்றை எழுதி, ஆங்கிலத்தில் மட்டுமன்றி உருது, கன்னடம் முதலிய இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். தொலைநோக்கியைத் தொட்டறியாத மக்களும் வானநிகழ்ச்சியைக் கண்டு அஞ்சாமல், காரணம் அறிந்து மகிழ வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

வெள்ளியின் கடப்பு மிக அரிது. 1882இல் ஒருமுறை நிகழ்ந்தது. பின்பு 2004இலும் 2012இலும் நிகழ்ந்தது. அவ்விரண்டும் மலேசியாவிலும் தெரிந்தன. அடுத்தது 2117ஆம் ஆண்டு டிசம்பரில்தான் வரும். அதனைக் காணப்போகிறவர்கள் உங்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளாக இருக்கலாம்!

இரகுநாதாச்சாரியார் 1880 பிப்ரவரி 5ஆம் நாள் காலமானார். அவர் பணியாற்றிய நிலையத்தின் வானாய்வுப் பணி, 1899இல் தொடங்கப்பெற்ற கொடைக்கானல் சூரிய ஆய்வு நிலையத்தில் தொடர்ந்தது. நுங்கம்பாக்கத்தில் அந்தக் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது.

நம் திடலில் ஞாயிற்றுக் குடும்பம்

மாணவர்களே, இனி நாமே செய்து பார்ப்போம். காற்பந்துத் திடலின் ஒரு கோடியில் ஒரு மீட்டர் அகலமுள்ள வட்ட அட்டையை நிறுத்துங்கள், அது கதிரவன். ஏறத்தாழ 107 மீட்டர் நடந்து மறு கோடிக்குச் சென்று ஒரு பட்டாணியை வையுங்கள். அது நம் பூமி. பட்டாணியிலிருந்து ஓர் அடி தள்ளி ஒரு கடுகை வையுங்கள், அது நிலவு. உண்மையில் கதிரவன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதன் ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடங்களுக்கு மேலாகிறது. நிலவோ ஏறத்தாழ 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றுவதால் பகலும் இரவும் உண்டாகின்றன. கதிரவனை ஒருமுறை சுற்றி வர 365¼ நாள் ஆகிறது, அதுவே ஆண்டு. புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்னும் எட்டும் கதிரவனைச் சுற்றும் கோள்கள். புளூட்டோவை 2006 முதல் குறுங்கோள் என வகுத்துள்ளனர்.

ஓர் எச்சரிக்கையை மறவாதீர்கள். கதிரவனை வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்கக் கூடாது. கிரகண நாளிலும் கூடாது. அதற்கென்றே செய்யப்பட்ட வடிகட்டிக் கண்ணாடி வேண்டும். ஆசிரியரோ பெற்றோரோ உடனிருக்க வேண்டும்.

நிலவைப் பார்ப்பதற்கு எத்தடையும் இல்லை. அடுத்த அமாவாசையிலிருந்து ஒரு மாதம், நாள்தோறும் நிலவின் வடிவத்தைக் கோடுபோடாத ஏட்டில் வரைந்து வாருங்கள். தெரியாத நாளில் தெரியவில்லை என்று எழுதுங்கள், பொய்யாக வரையாதீர்கள். மாத முடிவில் வீட்டுப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரகுநாதாச்சாரியார் செய்ததும் இதுவே.

பெற்றோர்களே, தோட்டத்து அன்பர்களே! மாலையில் களைத்து வீடு திரும்பினாலும், ஐந்து நிமிடம் பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்து வானத்தைக் காட்டுங்கள். விடிவெள்ளியைப் பற்றி நீங்கள் அறிந்ததைச் சொல்லுங்கள்; அவர்கள் பள்ளியில் கற்றதைக் கேளுங்கள். வானத்திற்கு வேலியில்லை, அதனைப் பார்க்கக் கட்டணமும் இல்லை. பஞ்சாங்க வீட்டிலிருந்து ஓர் அறிஞர் தோன்றினார் எனில், பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகளிலிருந்தும் தோன்றலாம் அன்றோ? அந்நாளை நோக்கி நாம் ஒன்றுகூடி உழைப்போமாக!