பெட்டிக்குள் வந்த மகிழுந்து

நுழையும்முன்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குவது வேறு. அதன் ஒவ்வோர் உறுப்பையும் கையில் எடுத்துப் பார்த்து, பொருத்தி, இயக்கிக் காண்பது வேறு. பெரும் ஆலைகளில் மட்டுமே உருவாகும் என்று கருதப்பட்ட பந்தய மகிழுந்தை எளிய மனிதர்களின் வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்த பொறியாளர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் விவரிக்கிறது.

இரண்டாம் உலகப்போர் முடிந்து ஈராண்டுகள் கடந்தும் இங்கிலாந்து மக்களின் வாழ்வில் தட்டுப்பாடு நீங்கவில்லை. உணவுக்கும் துணிக்கும் பங்கீட்டு முறை நடைமுறையில் இருந்தது. பெட்ரோலும் சீட்டுக்கு அளந்தே வழங்கப்பட்டது. அக்காலத்தில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் பயின்ற மாணவர் ஒருவர், படிப்புக்கு இடையே நண்பர் ஒருவருடன் சேர்ந்து பழைய மகிழுந்துகளை வாங்கி விற்றுவந்தார். வணிகம் நன்றாகவே நடந்தது. 1947ஆம் ஆண்டின் இறுதியில் தனியார் ஊர்திகளுக்கான அடிப்படைப் பெட்ரோல் பங்கீட்டை அரசு நிறுத்தியது. ஓட்ட வழியில்லாத வண்டியை யார் வாங்குவார்? கையிருப்பில் இருந்தவற்றை வந்த விலைக்குத் தள்ளிவிட்ட பின்னும் ஒரு வண்டி மட்டும் விலைபோகாமல் நின்றது. அது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடித் தேய்ந்த ஆஸ்டின் செவன் என்னும் சிறு மகிழுந்து. விற்க முடியாத அவ்வண்டியே அம்மாணவரின் வாழ்க்கையைத் தீர்மானித்தது.

அவர் பெயர் அந்தோணி காலின் புரூஸ் சாப்மன். 1928ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் இலண்டனை அடுத்த ரிச்மண்டில் பிறந்தவர். தந்தையார் வட இலண்டனின் ஹார்ன்சி பகுதியில் இரயில்வே விடுதியை நடத்திவந்தார். பல்கலைக்கழக வான்படைப் பிரிவில் சேர்ந்து வானூர்தி ஓட்டவும் கற்றுக்கொண்டார் சாப்மன். இறுதித் தேர்வில் கணிதத்தில் தவறி, மறுமுறை எழுதியே 1949இல் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் உலகின் தலைசிறந்த பொறியாளர்களுள் ஒருவராகப் போற்றப்பட்டவர் கணிதத் தேர்வில் தவறியவர் என்பது நம்மில் சிலருக்கேனும் ஆறுதலாக இருக்கலாம்.

கொட்டகையில் ஒரு தொடக்கம்

சாப்மன் பின்னாளில் மணந்துகொண்ட ஹேசல் வில்லியம்சின் பெற்றோர் வீடு மஸ்வெல் ஹில் பகுதியில் இருந்தது. அவ்வீட்டின் பின்புறக் கொட்டகையில் பழைய ஆஸ்டினை நிறுத்தி, அதன் மேற்கூட்டை முழுவதும் கழற்றி எறிந்தார் சாப்மன். புதிய கூட்டை ஒட்டுப்பலகையாலும் அலுமினியத் தகட்டாலும் அமைத்தார். அது வெறும் போர்வையாக இல்லை. குறுக்குத் தடுப்புகளோடு இணைந்து சட்டத்தின் சுமையைத் தானும் தாங்கியது. வானூர்தியின் உடலும் இவ்வாறே கட்டப்படுகிறது. கட்டடங்களும் பாலங்களும் சுமையை எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றன என்று வகுப்பறையில் கற்றதை அவர் ஒரு பழைய வண்டியில் செய்துபார்த்தார். ஹேசலும் உடன் நின்று உழைத்தார். 1948இல் அவ்வண்டி சேற்று மேடுகளில் ஏறும் போட்டிகளில் கலந்துகொண்டது. அதற்கு லோட்டஸ் என்று பெயர் சூட்டப்பட்டது. தாமரையைக் குறிக்கும் அப்பெயரைத் தேர்ந்த காரணத்தைச் சாப்மன் கடைசிவரை உலகுக்கு விளக்கவில்லை.

சாப்மனின் இயல்பைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று 1951இல் நடந்தது. ஆஸ்டின் செவன் பொறியைக் கொண்டே பந்தயம் ஓட வேண்டும் என்ற விதியுடைய போட்டிகளுக்காக அவர் மூன்றாவது வண்டியை உருவாக்கினார். அப்பொறியில் நான்கு உருளைகள் உண்டு. ஆனால், காற்றும் எரிபொருளும் கலந்து உள்ளே செல்வதற்கு இரண்டு வாயில்களே இருந்தன. ஒவ்வொரு வாயிலையும் இரண்டு உருளைகள் பகிர்ந்துகொண்டன. ஒன்று உறிஞ்சும்போது மற்றொன்றின் பங்கு குறைந்தது. பொறியின் அடிப்படை அமைப்பை மாற்ற விதி இடம் தரவில்லை. வாயிலுக்குள் ஒரு தடுப்பை நுழைக்கக்கூடாது என்றும் அவ்விதி கூறவில்லை. சாப்மன் தடுப்பை நுழைத்தார். நான்கு உருளைகளும் தனித்தனியே மூச்சுவிட்டன. அவ்வாண்டுப் போட்டிகளில் அவருடைய வண்டியை நெருங்க இயலாமல் ஏனையோர் திகைத்தனர். அதன்பின் அம்முறையைத் தடைசெய்து விதி திருத்தப்பட்டது.

விதி என்ன சொல்கிறது என்று படிப்பவர் பலர். விதி எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று தேடிப் படித்தவர் சாப்மன். அவருடைய புகழும் பழியும் இவ்வியல்பிலிருந்தே கிளைத்தன என்று கருதத் தோன்றுகிறது.

முக்கோணங்களால் ஆன வண்டி

1952ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் லோட்டஸ் பொறியியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. தந்தையாரின் விடுதிக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயமே தொழிற்கூடம். ஹேசல் கடனாகக் கொடுத்த 25 பவுண்டு முதலீடு. சாப்மன் அப்போது அலுமினிய நிறுவனம் ஒன்றில் பணியாற்றிவந்தார். பகல் முழுவதும் அலுவலகம், இரவில் லாயம் என்றே அடுத்த சில ஆண்டுகள் கழிந்தன.

அங்கு உருவான ஆறாம் வகை வண்டியே முதன்முதலாகப் பலருக்கு விற்கப்பட்டது. அதன் உயிர்நாடி அடிச்சட்டகம். அக்காலத்து வண்டிகள் பலவற்றில் ஏணி போன்ற கனமான இரும்புச் சட்டமே அடிப்பகுதியாக இருந்தது. சாப்மன் மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணங்களாகப் பற்றவைத்து ஒரு கூட்டை அமைத்தார். நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டி மூலையில் அழுத்தினால் அது சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளை முக்கோணமாகக் கட்டினால் குச்சி முறிந்தாலன்றி வடிவம் மாறாது. வயல்வெளிகளில் நிற்கும் உயர்மின்கோபுரங்கள் அத்தனை மெலிவாக இருந்தும் காற்றைத் தாங்குவதன் காரணம் இதுவே. இம்முறையால் ஆறாம் வகை வண்டியின் வெற்றுச் சட்டகம் ஏறத்தாழ 25 கிலோகிராம் எடையே கொண்டிருந்தது. அதை ஒருவரே தூக்கிச் சுமக்கலாம்.

எடையைக் குறைப்பதில் சாப்மன் காட்டிய பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. பொறியின் ஆற்றலைக் கூட்டினால் நேர்சாலையில் வேகம் பெருகும். எடையைக் குறைத்தாலோ வண்டி விரைந்து புறப்படும், விரைந்து நிற்கும், வளைவிலும் எளிதில் திரும்பும். நிறை குறையக் குறைய அதே விசை கூடுதல் முடுக்கத்தைத் தரும் என்னும் நியூட்டனின் இரண்டாம் விதி இயற்பியல் வகுப்பில் நாம் கற்பதுதான். பெரிய பொறி வாங்கப் பணமில்லாத இளைஞர்க்கு அவ்விதி ஒரு வழியைத் திறந்தது.

பின்னிருந்து படிக்கும் குறிப்பேடு

அக்காலத்தில் இங்கிலாந்தில் முழுமையாக்கப்பட்ட மகிழுந்து வாங்குவோர் கொள்முதல் வரி செலுத்த வேண்டியிருந்தது. வரி கடுமையானது, எழுத்தர்களும் மாணவர்களும் புதிய பந்தய மகிழுந்தை நினைத்துப் பார்க்கவும் இயலாது. ஆனால், உதிரிபாகங்களாக விற்கப்படும் வண்டிக்கு அவ்வரி இல்லை. ஆகவே சாப்மன் வண்டியை விற்காமல் வண்டியின் பாகங்களை விற்றார். சட்டகமும் அலுமினியத் தகடுகளும் லோட்டசிலிருந்து வரும்; பொறி, பல்லிணைப் பெட்டி, பின்அச்சு ஆகியவற்றை வாங்குபவர் ஃபோர்டு போன்ற சாதாரண வண்டிகளிலிருந்து தேடிக்கொள்ளலாம்.

1957இல் வெளிவந்த லோட்டஸ் செவன் இம்முறையின் உச்சம். கதவில்லை, நிலையான கூரையில்லை, சக்கரங்கள் உடலுக்கு வெளியே துருத்தி நின்றன. தேவையற்றது எதுவும் அதில் இல்லை. தேவை என்று பலர் கருதும் சிலவும் இல்லை. மொத்த எடை அரை டன்னுக்குள் அடங்கியது. வரியுடன் முழுமையாக வாங்கினால் அதன் விலை 1036 பவுண்டு. பாகங்களாக வாங்கினால் 536 பவுண்டு. பாதிக்குப் பாதி.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வரிவிலக்குப் பெற வேண்டுமானால் வண்டியைப் பூட்டும் முறையை விளக்கும் குறிப்பேட்டைப் பாகங்களோடு வழங்கக்கூடாது என்றது விதி. ஆனால், வண்டியைக் கழற்றும் முறையை விளக்கக்கூடாது என்று அது சொல்லவில்லை. லோட்டஸ் நிறுவனம் கழற்றும் குறிப்பேட்டை வழங்கியது. வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதற்பக்கம் நோக்கிப் படித்தார்கள்.

அவ்வாறு பின்னிருந்து படித்தவர்களின் மாலைப்பொழுதுகளை நாம் எண்ணிப் பார்க்கலாம். கொட்டகையின் ஒருபுறம் சட்டகம், மறுபுறம் பெட்டிகள். முதலில் அதிர்வுதாங்கிகளும் அச்சும் பூட்டப்படும். பிறகு பொறியைக் கப்பியில் தொங்கவிட்டு விரற்கடை விரற்கடையாக இறக்க வேண்டும். சற்றுத் தவறினால் அலுமினியத் தகடு நசுங்கும். தடைக்குழாய்களில் ஒரு காற்றுக் குமிழி தங்கினாலும் மிதிகட்டை தரைவரை அமிழும், வண்டி நில்லாது. மின்கம்பிகளின் நிறங்களை மாற்றி இணைத்தால் விளக்கு எரிய வேண்டிய இடத்தில் ஒலிப்பான் அலறும். பிழை நேர்ந்தால் கழற்றிவிட்டு மீண்டும் பூட்ட வேண்டும். இவ்வுழைப்பின் முடிவில் வண்டியின் எந்தத் திருகு எதைத் தாங்குகிறது என்பதை அதன் உரிமையாளர் அறிந்திருப்பார். அந்த அறிவை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

வெற்றியும் விலையும்

இவ்விற்பனையில் கிடைத்த வருவாய் சாப்மனின் பந்தயக் கனவுக்கு ஊட்டமாயிற்று. நிறுவனம் செஸ்ஹன்ட்டுக்கும், 1966இல் நார்ஃபோக் மாவட்டத்தின் ஹெத்தலில் இருந்த பழைய வான்படைத் தளத்துக்கும் இடம்பெயர்ந்தது. 1962இல் வெளிவந்த லோட்டஸ் 25, ஃபார்முலா ஒன் வண்டிகளின் அமைப்பையே மாற்றியது. ஸ்காட்லாந்துக்காரரான ஜிம் கிளார்க் 1963, 1965 ஆகிய ஆண்டுகளில் லோட்டசில் உலக வாகையர் ஆனார். 1965இல் அமெரிக்காவின் இண்டியனாபொலிஸ் 500 பந்தயத்தையும் வென்றார். தம் வண்டி வெற்றிக்கோட்டைக் கடக்கும்போது சாப்மன் தலையிலிருந்த கருநிறத் தொப்பியைக் கழற்றி வானில் வீசுவது வழக்கம். 1978வரை உருவாக்குநருக்கான உலக வாகைப் பட்டம் ஏழுமுறை லோட்டசைச் சேர்ந்தது.

ஆனால், மெலிவுக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. 1960இல் பெல்ஜியத்தின் ஸ்பா களத்தில் பயிற்சியின்போது சக்கரம் கழன்று ஸ்டெர்லிங் மாஸ் இரு கால்களும் முறிந்து வீழ்ந்தார். 1968இல் ஜிம் கிளார்க் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் களத்தில் லோட்டஸ் வண்டியிலேயே உயிரிழந்தார். உற்ற நண்பரின் இறப்பு சாப்மனை நிலைகுலையச் செய்தது. அடுத்த ஆண்டு, வண்டி உடைந்து விபத்துக்குள்ளான யோகன் ரின்ட் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். வண்டிகள் போதிய வேகம் உடையவை; வலுவற்ற பாகங்களில் சில பவுண்டு எடை கூட்டி உறுதிப்படுத்தினாலும் வெல்லலாம் என்பது அதன் சாரம். 1970 செப்டம்பரில் இத்தாலியின் மோன்சா களத்தில் ரின்ட் இறந்தார். முன்சக்கரத் தடையை இணைக்கும் தண்டு முறிந்ததே விபத்தின் தொடக்கம் என்று விசாரணை கூறியது. அவ்வாண்டின் உலக வாகைப் பட்டம், மறைந்த ரின்ட்டுக்கே வழங்கப்பட்டது. எந்த எடை தேவையற்றது, எந்த எடை ஓர் உயிரின் காப்பு என்று பிரிக்கும் கோடு மிக மெல்லியது. அக்கோட்டின் மேல் நின்றவர் சாப்மன். அதைக் கடந்தபோது விலை கொடுத்தவர்கள் வண்டிக்குள் அமர்ந்திருந்தவர்கள்.

1982ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் மாரடைப்பால் அவர் காலமானார். அகவை 54. வட அயர்லாந்தில் டிலோரியன் மகிழுந்துக்காகப் பிரித்தானிய அரசு அளித்த பணத்தில் ஒரு பகுதி மறைந்துபோன வழக்கு அப்போது எழுந்துகொண்டிருந்தது. வண்டியின் பொறியியல் பணியை ஏற்றிருந்தது லோட்டஸ். சாப்மனின் நிதித்துறைத் துணைவர் 1992இல் சிறைத்தண்டனை பெற்றார். சாப்மன் உயிரோடு இருந்திருந்தால் அவரும் கூண்டில் நின்றிருப்பார் என்பதை அவருடைய வரலாற்றை எழுதுவோர் மறைப்பதில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை.

1973இல் இங்கிலாந்தில் கொள்முதல் வரி ஒழிந்து மதிப்புக் கூட்டு வரி வந்தது. பாகங்களாக விற்பதன் ஆதாயம் மறைந்தது. செவன் வண்டியை உருவாக்கும் உரிமையை அவ்வாண்டே கேட்டர்ஹாம் நிறுவனத்துக்கு லோட்டஸ் விற்றுவிட்டது. வரிக்காகத் தோன்றிய பழக்கம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால், வரிச்சலுகை போன பின்னும் பெட்டிகளைக் கேட்டு மக்கள் வந்தனர். செவனின் வடிவைப் பார்த்துப் பல நிறுவனங்கள் அதன் சாயலில் உதிரிபாகத் தொகுதிகளை விற்றன. 1996இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டு செலவில் அத்தகைய வண்டியை வீட்டிலேயே கட்டும் முறையை ஒரு நூலாக எழுதினார். அதில் பெட்டியும் இல்லை. சதுர எஃகுக் குழாய்களை அறுத்துப் பற்றவைத்து, கழித்துக்கட்டிய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றின் பொறியையும் அச்சையும் பொருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இன்று இங்கிலாந்தில் அவ்வாறு கட்டப்படும் ஒவ்வொரு வண்டியும் சாலைக்கு வருமுன் அரசின் தனிவாகன ஒப்புதல் சோதனைக்கு உட்பட வேண்டும். தடைகள், விளக்குகள், திசைமாற்றி, கூரிய விளிம்புகள் என ஒவ்வொன்றையும் அலுவலர் பார்வையிடுவார். பழைய பாகங்கள் பல கலந்து, எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று உறுதிசெய்ய இயலாத வண்டியின் பதிவெண் ‘க்யூ’ என்னும் எழுத்தில் தொடங்கும். வண்டியின் அகவை அறியப்படவில்லை என்பது அதன் பொருள்.