எஃப்.பி.ஐ-யை 48 ஆண்டுகள் ஆண்ட ஹூவர்: மாநில போலீஸ் எல்லைக்குள் நுழைந்தது எப்படி?

1934 மார்ச். அமெரிக்காவின் இண்டியானா சிறையிலிருந்து தப்பிய கொள்ளையன் ஜான் டில்லிஞ்சர், ஷெரீப்பின் காரையே திருடிக்கொண்டு இல்லினாய் மாநிலத்துக்குள் போய்விட்டான். அங்கேதான் வந்தது சிக்கல். வங்கிக் கொள்ளை அப்போது மாநில போலீஸ் விவகாரம். ஆனா, திருட்டு காரோடு மாநில எல்லையைத் தாண்டினால் அது மத்திய அரசு சட்டப்படி குற்றம். ஜே. எட்கர் ஹூவரின் ஆட்கள் துரத்த அது போதுமானதாக இருந்தது. ஜூலையில் சிகாகோவில் டில்லிஞ்சர் சுட்டுக் கொல்லப்பட்டான்.

யார் இந்த ஹூவர்?

1895-ல் வாஷிங்டனில் பிறந்தவர். சட்டம் படித்தவர். 1924-ல், 29 வயதிலேயே மத்தியப் புலனாய்வு அமைப்பின் தலைவரானார். அப்போது அவரது ஏஜென்ட்டுகளுக்குக் கைது செய்யும் அதிகாரமே கிடையாது. உள்ளூர் போலீஸைத்தான் கூப்பிடணும். 1934-ல் வந்த சட்டங்கள் கைது அதிகாரம், துப்பாக்கி இரண்டையும் கொடுத்தன. 1935-ல் எஃப்.பி.ஐ என்ற பெயரும் வந்தது.

மாநில போலீஸ் ஏன் ஒத்துழைத்தது?

எஃப்.பி.ஐ அவர்களுக்கு மேலதிகாரி இல்லை. ஆனால் கைரேகைத் தொகுப்பு (1924), தடயவியல் ஆய்வகம் (1932), போலீஸ் பயிற்சிப் பள்ளி (1935) என எல்லாம் ஹூவரிடம் இருந்தன. அவரைப் பகைத்துக்கொண்டால் நஷ்டம் உள்ளூர் போலீஸுக்குத்தான்.

விமர்சனம் என்ன?

தெற்கு மாநிலங்களில் கறுப்பின உரிமைப் போராளிகள் தாக்கப்பட்டபோது, பாதுகாப்பு கொடுப்பது உள்ளூர் போலீஸ் வேலை என்று ஹூவர் ஒதுங்கினார். அந்த உள்ளூர் போலீஸே தாக்குபவர்கள் பக்கம் இருந்தால்? 1964-ல் மிசிசிப்பியில் மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தச் சதியில் துணை ஷெரீப் ஒருவரே இருந்தார். அதிபர் ஜான்சன் அழுத்தம் கொடுத்த பிறகு எஃப்.பி.ஐ முழுவேகத்தில் இறங்கி, உடல்களைக் கண்டுபிடித்தது. கொலை வழக்கு போட வேண்டிய மாநில அரசு அப்போது போடவில்லை. அதனால் மத்திய அரசு, சிவில் உரிமையைப் பறிக்கச் சதி செய்ததாக வழக்கு நடத்தியது. 1967-ல் 7 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது.

பாதுகாப்பு கொடுக்க எல்லை பார்த்த அதே ஹூவர், உளவு பார்க்க எல்லை பார்க்கவில்லை. மார்ட்டின் லூதர் கிங் தங்கிய ஹோட்டல் அறைகளில் ரகசிய மைக் வைத்தது எஃப்.பி.ஐ.

1972 மே 2-ல் இறக்கும்வரை ஹூவர் பதவியில் இருந்தார். 1976-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: எஃப்.பி.ஐ இயக்குநரின் பதவிக்காலம் இனி 10 ஆண்டுகள்தான்.